காற்றில் வந்த புழுவும் பட்டாவில் நின்ற நிவாரணமும்

புரட்டாசிப் பட்டத்துக்கு நிலம் தயாராகிக்கொண்டிருக்கிறது. பெரம்பலூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர், குன்னம் என நான்கு வட்டங்களிலும் டிராக்டர்கள் கரிசலைப் புரட்டிப் போடுகின்றன. ஒரு நல்ல மழை பெய்தால் மக்காச்சோள விதை மண்ணுக்குள் போய்விடும். பயிர் முளைத்துப் பத்துப் பதினைந்து நாளில் படைப்புழுவின் தாய்ப்பூச்சியும் வந்துவிடும். 2018இலிருந்து நம் காடுகளில் இதுதான் வழக்கம்.

வேளாண் பக்கத்தில் எழுத வேண்டியதை இந்தப் பத்தியில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். புழுவுக்குச் சாதி தெரியாது. ஆனால் புழு தின்றுவிட்டுப் போன பிறகு யார் கணக்கில் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதில் சாதி இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

2018ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் வேப்பந்தட்டை வட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். காலனியைச் சேர்ந்த அக்கா ஒருவர் ஊர்த்தெருக்காரரின் இரண்டு ஏக்கரை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டிருந்தார். குருத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மரத்தூள் போல எச்சம் குவிந்திருந்தது. அதற்கு அடியில் விரல் கனத்தில் ஒரு புழு. இலைகள் எல்லாம் சல்லடை. “நாலு தடவை மருந்தடிச்சாச்சு தம்பி. நிலம் அவங்களது, கடன் மட்டும் எங்களது” என்றார்.

அடுத்த ஆண்டு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பணம் பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்கு வந்தது. அக்கா போய்க் கேட்டிருக்கிறார். “அது நிலத்துக்கு வந்த பணம்” என்று பதில் வந்ததாம். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த பட்டத்துக்கு நிலம் கிடைக்காது.

அக்காவிடமிருந்து விளைச்சலை எடுத்துப்போன பூச்சி எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பதிலில் உள்ள அநியாயம் முழுதாக விளங்கும்.

பூச்சியின் பயணம்

படைப்புழு அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. 1797லேயே அறிவியல் நூலில் பதிவானது. உறைபனியை அதனால் தாங்க முடியாது. பல பூச்சிகள் குளிர்காலத்தை உறக்க நிலையில் கழித்துவிடும். இதற்கு அந்த வித்தை கிடையாது. அதனால் வட அமெரிக்காவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடக்கே உள்ளவை எல்லாம் செத்துப்போகும். தெற்கு ஃபுளோரிடா, தெற்கு டெக்சாஸ் போன்ற வெதுவெதுப்பான பகுதிகளில் மட்டும் மிஞ்சும்.

வசந்தம் வந்ததும் அங்கிருந்து வடக்கு நோக்கிய பயணம் தொடங்குகிறது. பொழுது சாய்ந்ததும் அந்துப்பூச்சிகள் தரையிலிருந்து சில நூறு மீட்டர் உயரத்துக்கு எழும்புகின்றன. இரவில் அந்த உயரத்தில் தெற்கிலிருந்து வேகமான காற்று வீசும். பூச்சி தன் சிறகால் தன்னை அந்த உயரத்தில் நிறுத்திக்கொள்கிறது. தூரத்தைக் கடத்துவது காற்று. ஓர் இரவில் 100 கிலோமீட்டர் போவது அதற்குச் சாதாரணம். மிசிசிப்பியிலிருந்து கனடாவின் தென்பகுதிவரை 1,600 கிலோமீட்டரை 30 மணி நேரத்தில் கடந்ததாகவும் பதிவு உண்டு. டெக்சாஸிலிருந்து கிளம்புபவை நடுச் சமவெளி வழியாகவும், ஃபுளோரிடாவிலிருந்து கிளம்புபவை கிழக்குக் கடலோர மாநிலங்கள் வழியாகவும் தலைமுறை தலைமுறையாக முன்னேறும். வடக்கு மாநிலங்களுக்குப் போய்ச் சேரும்போது இலையுதிர் காலம் வந்துவிடும். ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ஃபால்’ என்ற சொல் அந்தப் பருவத்தைத்தான் குறிக்கிறது. ‘ஆர்மிவார்ம்’ என்பது ஒரு காட்டைத் தின்று முடித்துவிட்டு அடுத்த காட்டுக்குப் படையாக நகரும் குணத்தால் வந்த பெயர்.

2016 தொடக்கத்தில் இந்தப் பூச்சி மேற்கு ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் சகாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பரவியது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் மக்காச்சோளத்தில் காணப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் பதிவு. அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது. பெரம்பலூர், அரியலூர், திருச்சி, சேலம், திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி என மக்காச்சோளம் விளையும் மாவட்டங்கள் எல்லாம் அடிவாங்கின. 2019இல் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் பரவி, அதே கோடையில் ஜப்பானையும் கொரியாவையும் எட்டியது. 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் இருந்தது.

சீனாவில் இப்போது ஆண்டுதோறும் ஒரே ஒழுங்கில் நடக்கிறது. தெற்கு மாகாணங்களில் குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சி, வசந்தத்தில் தென்மேற்குப் பருவக்காற்றோடு வடக்கே ஏறி மஞ்சள் ஆற்றுப் படுகைக்குப் போகிறது. இலையுதிர் காலத்தில் வடக்குக் காற்றோடு தெற்கே திரும்புகிறது.

நம் மாவட்டத்தில் உறைபனி இல்லை. எனவே இங்கே அது செத்துப்போவதும் இல்லை. மக்காச்சோளம் இல்லாத மாதங்களில் சோளம், கம்பு, புல் என எதையாவது தின்று உயிரைப் பிடித்துக்கொள்ளும். அது தின்னும் செடி வகைகள் 350க்கும் மேல். பட்டம் தொடங்கியதும் இளங்குருத்தைத் தேடிப் பறந்து வரும்.

கடைசியில் விதைப்பவருக்கு முதல் அடி

ஒரு தாய்ப்பூச்சி தன் வாழ்நாளில் 1,500 முட்டைகளுக்கு மேல் இடும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். புழு இரண்டு மூன்று வாரம் தின்னும். பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஒன்பது பத்து நாளில் அந்துப்பூச்சியாக வெளியே வரும். நம் வெப்பத்தில் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு மாதம். மக்காச்சோளத்தின் வயது நூறு நாளுக்குச் சற்று மேல். அப்படியென்றால் ஒரு பயிருக்குள் மூன்று தலைமுறைப் புழு.

இதனால்தான் ஓர் ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் விதைக்க வேண்டும் என்று வேளாண் துறை சொல்கிறது. முன்னும் பின்னுமாக விதைத்தால், முன்னால் விதைத்த காட்டில் வளர்ந்த பூச்சிக்குப் பின்னால் விதைத்த காட்டில் இளங்குருத்து காத்திருக்கும். நல்ல அறிவுரைதான். ஆனால் ஒரே சமயத்தில் விதைக்க யாரால் முடியும்?

சொந்த நிலம் உள்ளவர் முதல் மழைக்கு விதைக்கிறார். தான் வைத்துக்கொண்டது போக மிச்சத்தை யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது என்று பிறகுதான் முடிவு செய்கிறார். குத்தகை பேசி, முன்பணம் புரட்டி, டிராக்டர் வாடகைக்குக் கடன் சொல்லி, எல்லோர் காட்டிலும் ஓட்டி முடித்த டிராக்டர் காலனிக்காரர் எடுத்த காட்டுக்கு வரும்போது இரண்டு மூன்று வாரம் கடந்திருக்கும். அந்த இடைவெளி ஒரு தலைமுறைப் புழுவுக்கு ஏறக்குறையப் போதுமானது. பக்கத்துக் காடுகளில் கூடுடைத்து எழும் பூச்சிகளுக்கு மிக இளசான பயிர் எங்கே கிடைக்கும்? கடைசியாக விதைத்தவர் காட்டில்.

2018இல் நாங்கள் போய்ப் பார்த்த ஊர்களில் குத்தகைக் காடுகள் ஏன் மற்றக் காடுகளைவிட மோசமாக இருந்தன என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை. பராமரிப்பு போதாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நாங்களும் பாதி நம்பினோம். பூச்சியின் வாழ்க்கைச் சுற்றைப் படித்த பிறகுதான் தெரிந்தது, குறை பராமரிப்பில் இல்லை. விதைக்கும் நாளைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை.

மருந்தடிக்கும் முதுகு யாருடையது?

படைப்புழுவுக்கு மருந்து மேலோட்டமாக அடித்தால் பயனில்லை. புழு குருத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குருத்துக்குள்ளும் படும்படி அடிக்க வேண்டும். பயிர் இடுப்பளவு, நெஞ்சளவு வளர்ந்த பிறகு அந்தச் சாரல் அடிப்பவரின் முகத்தில்தான் படியும். இந்த வேலைக்கு டேங்க் கணக்கில் கூலி. எத்தனை டேங்க் அதிகமோ அத்தனை காசு என்பதால் நடுவில் நிறுத்திக் கைகழுவவும் நேரம் எடுப்பதில்லை. இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைகள்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக் காட்டில் மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே படைப்புழு வந்தது. மருந்தடிப்பு பல மடங்கானது. கையுறையும் முகக்கவசமும் மட்டும் வரவில்லை.

மருந்தைக் கையாள்பவருக்கும் தெளிப்பவருக்கும் தகுந்த பாதுகாப்பு உடை இருக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. கூலி பேசும்போதே அதையும் கேட்போம். காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று அடிக்க வேண்டாம். வெறும் வயிற்றில் போக வேண்டாம். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னால் மறுக்கலாம். தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல் வந்தால் மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவரால் சரியாகச் சிகிச்சை தர முடியும்.

கணக்கில் வராதவர்கள்

2018-19 பருவத்தில் படைப்புழுவால் பாதிக்கப்பட்ட மக்காச்சோளத்துக்காகத் தமிழக அரசு சுமார் ரூ.186 கோடி நிவாரணம் அறிவித்தது. கணக்கில் வந்த பரப்பு சுமார் 2.2 லட்சம் ஹெக்டேர். அடுத்த ஆண்டு தடுப்பு மருந்து தெளிப்புக்காக ஏறத்தாழ ரூ.48 கோடி ஒதுக்கியது. அரசு செய்தது சரியானதே. அதை நாம் குறை சொல்லவில்லை. அந்தப் பணம் எந்த வழியில் இறங்கியது என்பதுதான் நம் கேள்வி.

இழப்பு ஹெக்டேரில் அளக்கப்படுகிறது. ஹெக்டேர் பட்டாவில் இருக்கிறது. பட்டா யாரிடம் இருக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 31 விழுக்காடு. மாநில அளவில் 20 விழுக்காடு. அதே கணக்கெடுப்பு, இந்தியா முழுவதும் வேளாண்மையில் உழைக்கும் பட்டியல் சாதியினரில் 71 விழுக்காட்டினர் கூலித் தொழிலாளர்கள் என்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலப்பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காடுகூட இல்லை. 1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் நம்மிடமே இருந்திருந்தால் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். அது தனியாக எழுத வேண்டிய கதை.

எனவே நிவாரணத்தில் மூன்று வகையினர் விடுபட்டார்கள். முதலில் வாய்மொழிக் குத்தகைக்காரர். விதை, உரம், மருந்து, உழவு என எல்லாச் செலவும் அவருடையது. அடங்கலில் பெயர் மட்டும் அவருடையது இல்லை. இரண்டாவது வாரத்துக்கு உழுபவர். மூன்றாவது நாள்கூலிக்குப் போகும் பெண்கள். களைவெட்டு, உரம் வைப்பு, கதிர் ஒடிப்பு என ஒரு பட்டம் முழுக்க அவர்களுக்கு வேலை உண்டு. கதிரே பிடிக்காத காட்டில் ஒடிக்க என்ன இருக்கிறது? தை மாசியில் வர வேண்டிய கூலி அந்த ஆண்டு வரவில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கிடைக்கும் தட்டையும் மருந்து நனைந்து வீணானது. இவை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இனிமேல் விட்டுவிடக் கூடாதவை

பூச்சித் தாக்குதல் என்பது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் வெள்ளம், வறட்சி, புயலோடு சேர்த்துப் பட்டியலிடப்பட்ட பேரிடர். இது பலருக்குத் தெரியாது. அந்த நிதியின் விதிமுறையில் பயிருக்கான இடுபொருள் மானியம் மட்டும் இல்லை. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நாள் கணக்கில் உதவி தரும் பிரிவும் இருக்கிறது. 2015 முதல் 2020 வரைக்கான விதிமுறையில் அது பெரியவருக்கு ரூ.60, சிறாருக்கு ரூ.45 என்று இருந்தது. சிறிய தொகைதான். ஆனால் அதைக் கேட்க நிலம் தேவையில்லை, பட்டா தேவையில்லை. புழு தாக்கிய ஊர்களில் கூலிக் குடும்பங்களைக் கணக்கெடுத்து இந்தப் பிரிவின்கீழ் உதவி கொடுங்கள் என்று மாவட்ட ஆட்சியரிடம் கேட்க நமக்கு வழி இருக்கிறது. 2018இல் நாம் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே நமக்குத் தெரியவில்லை.

குத்தகைக்காரருக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. தன் உடலுழைப்பால் சாகுபடி செய்யும் குத்தகைக்காரரைக் காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்று 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு அலுவலரிடம் மனுக் கொடுத்துப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரத் தகுதி உண்டு.

ஆனால் மனுக் கொடுத்த மறுநாளே நிலம் பறிபோகும் என்ற அச்சம் பொய்யல்ல. தனியாகப் போனால் அது நடக்கத்தான் செய்யும். ஓர் ஊரில் குத்தகைக்கு உழும் இருபது குடும்பமும் ஒரே நாளில் மனுக் கொடுத்தால் இருபது பேரையும் வெளியேற்றிவிட்டு யாரை வைத்து உழுவார்கள்? அந்த இருபது பேரை ஒன்று சேர்ப்பதுதான் நம் வேலை. குறைந்தபட்சம் பயிராய்வுக்கு வரும் கிராம நிர்வாக அலுவலரிடம், அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரையும் எழுதுங்கள் என்று காட்டிலேயே நின்று கேட்க வேண்டும். நல்ல எண்ணமுள்ள நில உரிமையாளர்களும் இருக்கிறார்கள். நிவாரணம் வந்தால் உழுதவருக்கே என்று குத்தகை பேசும்போதே நாலு பேர் முன்னிலையில் பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்ள அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

புழுவைத் தடுக்கும் வேலையும் ஊராகச் செய்தால்தான் பலிக்கும். கோடை உழவு ஓட்டினால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலிலும் பறவை வாயிலும் போகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடச் சொல்கிறார்கள். வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போட்டால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் பூச்சி வரத்து முன்கூட்டியே தெரியும். குத்தகைக்கு விடுவதை முதல் மழைக்கு முன்பே பேசி முடித்தால் எல்லோரும் ஒன்றாக விதைக்கலாம். பின்னால் விதைத்த காட்டில் பெருகும் பூச்சி முன்னால் விதைத்தவர் கதிரையும் விடாது. இது ஊர்த்தெருவுக்கும் சேர்த்த நன்மைதான்.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். இந்தப் பட்டத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பொறியில் எந்தத் தேதியில் எத்தனை பூச்சி விழுந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று எழுதுங்கள். அதே நோட்டில் அடுத்த பக்கத்தில், யார் நிலத்தில் யார் உழுகிறார், எவ்வளவு செலவு செய்தார், எந்தக் காட்டில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை நின்றுபோனது என்றும் எழுதுங்கள். தேதி போடுங்கள். உழுதவரிடமும் கூலிக்குப் போனவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். 2018இல் நாங்கள் மனு எழுத உட்கார்ந்தபோது எங்களிடம் அப்படி ஒரு நோட்டு இல்லை. வேப்பந்தட்டை அக்காவுக்குச் சாட்சி சொல்ல ஒரு வரி எழுத்துகூட எங்களிடம் இருக்கவில்லை.

அந்த அக்கா இந்த ஆண்டும் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். போன வாரம் பார்த்தபோது அவருடைய மகள் பக்கத்தில் இருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.